அமெரிக்கத் திரைப்படங்களில் லாரி ஓட்டுநர்

1940-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் இரண்டு திரைப்படங்கள் வெளிவந்தன. ஒன்று, ஜான் ஸ்டைன்பெக் எழுதிய நாவலைத் தழுவி ஜான் ஃபோர்டு இயக்கிய 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்'. மற்றொன்று, ரவுல் வால்ஷ் இயக்கிய 'தே டிரைவ் பை நைட்'. 'இரவில் ஓட்டுவோர்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். இரண்டும் சாலையின் கதைகள். இரண்டிலும் லாரி உண்டு; பிழைப்புக்காக நெடுந்தூரம் செல்லும் மனிதர் உண்டு. பிறந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு இக்கதைகள் அந்நியமாகத் தோன்றமாட்டா. அமெரிக்கத் திரைப்படம் லாரி ஓட்டுநரை முதலில் எவ்வாறு கண்டது, பின்னர் எவ்வாறு மாற்றிக் காட்டியது, அதே காலத்தில் அவருடைய உண்மை வாழ்க்கை எத்திசையில் சென்றது என்பவற்றை இங்கே சிறிது ஆராய்வோம்.

முதற் படத்தில் ஒரு சிறு காட்சி வருகிறது. ஓக்லஹோமாவில் நிலமிழந்து கலிபோர்னியாவை நோக்கிச் செல்லும் ஜோட் குடும்பத்தார் ஒரு சாலையோர உணவுக் கடையில் வண்டியை நிறுத்துகின்றனர். வீட்டுப் பெரியவர் முழு ரொட்டிக்கும் காசில்லாமல், இருக்கும் காசுக்கு உரிய ரொட்டியைக் கேட்கிறார். உடன் வந்த சிறுவர் இருவரும் கண்ணாடிப் பெட்டியிலுள்ள மிட்டாயையே பார்த்து நிற்கின்றனர். கடையில் பரிமாறும் பெண் மனமிரங்கி, அம்மிட்டாயை உள்ள விலைக்கு வெகுவாகக் குறைத்துக் கொடுத்துவிடுகிறாள். இதைக் கவனித்துக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் இருவர், தம் காசை வைத்துவிட்டு, மீதிச் சில்லறையை வாங்காமலே எழுந்து செல்கின்றனர். அவர்கள் செல்வரல்லர். ஆயினும் சாலையில் வாழ்பவர். சாலையில் தவிப்பவரின் நிலை அறிந்தவர். அக்காலத் திரைப்படம் லாரி ஓட்டுநரைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணம் இந்த ஒரு காட்சியிலேயே விளங்கும்.

இரண்டாவது படத்தில் லாரி ஓட்டுநரே கதாநாயகர். ஜோ, பால் எனும் பாப்ரினி சகோதரர் இருவர் கலிபோர்னியாவில் லாரி வைத்துப் பழம் ஏற்றிச் செல்கின்றனர். ஜோவாக ஜார்ஜ் ராஃப்டும், பாலாக ஹம்ஃப்ரி போகார்ட்டும் நடித்தனர். பெயரளவில் லாரி அவர்களுடையது. உண்மையில் கடன் கொடுத்தவனுடையது. தவணை நின்றுபோனதால் வண்டியைப் பிடித்துச் செல்ல ஆள் அலைகிறான். அவனிடமிருந்து தப்ப இன்னும் ஒரு நடை, அந்த நடைக்காகத் தூங்காத இன்னும் ஓர் இரவு என்று காலம் கழிகிறது. தமக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவர் கண்ணயர்ந்ததால் அவருடைய லாரி சாலையை விட்டு விலகித் தீப்பற்றி எரிவதை அவ்விருவரும் நேரில் காண்கின்றனர். இறுதியில் ஒரு லோடு நல்ல விலைக்குப் போகவே, கடன் அடைகிறது. கடன் தீர்ந்த நிம்மதியோடு வீடு திரும்பும் வழியில் பால் கண்ணயர்கிறான். லாரி நொறுங்குகிறது, அவனுடைய வலக்கை போய்விடுகிறது.

இப்படத்தின் பிற்பகுதி ஒரு கொலைக் கதையாக மாறி, லாரித் தொழிலிலிருந்து விலகிச் செல்கிறது. அப்பகுதி வேறொரு பழைய படத்திலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டது. முற்பகுதியோ ஏ. ஐ. பெஸரிடீஸ் என்பவர் 1938-இல் வெளியிட்ட 'லாங் ஹால்' எனும் நாவலிலிருந்து வந்தது. பெஸரிடீஸ் 1908-இல் துருக்கியின் சாம்சூன் நகரில் பிறந்தவர். தந்தை கிரேக்கர், தாய் ஆர்மீனியர். கைக்குழந்தையாக அமெரிக்கா சென்று, கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் வளர்ந்தார். பழத்தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூரில், விளைபொருள் வாணிபத்தையும் லாரித் தொழிலையும் தம் தந்தையின் வாழ்க்கையிலேயே கண்டார். ஆகவேதான் அவருடைய கதைகளில் வீரத்தைவிட வரவுசெலவுக் கணக்கு மிகுதி. டயர் எவ்வளவு, தவணை எவ்வளவு, பெட்டி ஒன்றுக்கு என்ன விலை என்பவையே அவருடைய பாத்திரங்களின் பேச்சு.

இக்கணக்கு நமக்கு நன்கு விளங்க வேண்டுமானால், அக்கால லாரித் தொழிலின் அமைப்பைச் சற்றே அறிந்துகொள்ளல் வேண்டும். முதல் உலகப் போர் முடிந்த பின், 1919-இல் அமெரிக்க ராணுவம் வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு மோட்டார் வண்டிகளின் அணியொன்றை அனுப்பிப் பார்த்தது. நாட்டைக் கடக்க அந்த அணிக்கு 62 நாட்கள் பிடித்தன. சாலைகளின் நிலை அவ்வளவு மோசமாக இருந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சாலைகள் சீர்பட்டன, லாரிகள் பெருகின. பொருளாதார வீழ்ச்சி வந்தபோது, வேலையிழந்தவர் பலர் தவணைக்கு லாரி வாங்கி இத்தொழிலில் இறங்கினர். வண்டிகள் மிகுந்து சரக்குக் குறையவே, வாடகை வீழ்ந்தது. வீழ்ந்த வாடகையை ஈடுசெய்ய ஓட்டுநர் தூக்கத்தை விற்றனர்.

இந்நிலையை ஒழுங்குபடுத்த 1935-இல் மோட்டார் சரக்கு வண்டிச் சட்டம் இயற்றப்பட்டது. மாநில எல்லை கடந்து சரக்கு ஏற்ற விரும்பும் கம்பெனி, மத்திய அரசின் மாநிலங்களிடை வாணிபக் கமிஷனிடம் அனுமதி பெறல் வேண்டும்; வாடகை விகிதத்தையும் அங்கே பதிவு செய்தல் வேண்டும். ஓட்டும் நேரத்துக்கு வரம்பு விதிக்கும் அதிகாரமும் அக்கமிஷனுக்கு வழங்கப்பட்டது. ஆனால் ஒரு விலக்கு இருந்தது. பதப்படுத்தப்படாத விவசாய விளைபொருளை ஏற்றும் லாரிகளுக்கு அனுமதியும் வாடகை விகிதமும் தேவையில்லை. ஆகவே தொழில் இரு கூறாயிற்று. ஒருபுறம், அனுமதி பெற்ற கம்பெனிகளில் தொழிற்சங்கக் கூலியில் ஓட்டுவோர். மறுபுறம், தோட்டத்துக்கும் மண்டிக்கும் இடையே தம் சொந்தப் பொறுப்பில் ஓடும் தனி ஆட்கள். பாப்ரினி சகோதரரைப் போன்றவர்கள் இரண்டாம் கூட்டத்தார். அவர்களைக் காக்கச் சட்டமும் இல்லை, சங்கமும் இல்லை.

இக்கூட்டத்தாரின் நிலையை இன்னும் கூர்மையாகக் காட்டிய படம் 1949-இல் வெளிவந்த 'தீவ்ஸ் ஹைவே', அதாவது 'திருடர் நெடுஞ்சாலை'. இதுவும் பெஸரிடீஸ் எழுதிய நாவலே. திரைக்கதையும் அவரே எழுதினார். இயக்கியவர் ஜூல்ஸ் டாஸின். கடற்பயணம் முடித்து வீடு திரும்பும் நிக் கார்கோஸ் எனும் இளைஞன், லாரி ஓட்டிவந்த தன் தந்தை இரு கால்களையும் இழந்து கிடப்பதைக் காண்கிறான். சான் பிரான்சிஸ்கோ மண்டிக்காரன் மைக் ஃபிக்லியா என்பவனுக்குத் தக்காளி கொண்டுபோன தந்தை, பணம் பெறாமல், விபத்தில் அகப்பட்டு மீண்டவர். கணக்குத் தீர்க்கும் உறுதியோடு நிக், எட் கின்னி என்பவனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, ஆப்பிள் ஏற்றிப் புறப்படுகிறான். நிக்காக ரிச்சர்ட் கான்டேயும், மண்டிக்காரனாக லீ ஜே. காப்பும் நடித்தனர்.

இப்படத்தில் வஞ்சனை ஓரிடத்தில் மட்டும் இல்லை. மண்டிக்காரன் லாரிக்காரனை ஏய்க்கிறான். கூட்டாளி எட்டோ, தோட்டக்காரருக்குச் சொன்ன விலையைக் குறைக்கப் பார்க்கிறான். பழம் அழுகும் பொருள். விலை படியும்வரை காத்திருக்க லாரிக்காரனால் இயலாது, மண்டிக்காரனால் இயலும். அந்த ஒரு வேற்றுமையில்தான் மண்டியின் அதிகாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நிக்கின் வண்டியை மண்டிக்காரனுடைய ஆட்கள் டயரை அறுத்து அசையவிடாமல் நிறுத்திவிட்டு, அவனைக் கேளாமலே அவன் சரக்கை விற்கத் தொடங்குகின்றனர். பின்னால் வரும் எட்டின் பழைய லாரி பிரேக் இழந்து சரிவில் உருண்டு எரிகிறது. பெட்டிகள் உடைந்து ஆப்பிள்கள் மலைச்சரிவில் உருண்டோடும் அக்காட்சியைக் கண்டவர் எளிதில் மறவார். மனிதன் எரிந்த இடத்திலிருந்து அப்பழங்களையும் எடுத்துவந்து விற்க மண்டிக்காரன் ஆளனுப்புகிறான்.

மேற்கூறிய இரு படங்களும் ஒரே கேள்வியைக் கேட்டன. இந்தச் சுமைக்கு விலை வைப்பவன் யார்? ஓட்டியவனுக்குக் கிடைத்தது என்ன? இக்கேள்வி நெடுங்காலம் திரையில் நீடிக்கவில்லை. இடதுசாரிகளைத் திரையுலகிலிருந்து விலக்கிய கறுப்புப் பட்டியல் காலம் அது. ஜூல்ஸ் டாஸின் அப்பட்டியலில் சிக்கி அமெரிக்காவில் வேலையிழந்தார். ஐரோப்பா சென்று, 1955-இல் பிரான்சில் 'ரிஃபிஃபி' எனும் படத்தால் மீண்டும் புகழ் பெற்றார். மண்டியின் கணக்கைத் திரைக்குக் கொண்டுவந்த கைகளில் ஒன்று அவ்வாறு நாட்டை விட்டுப் போயிற்று.

அதன் பின் வந்த இருபதாண்டுகள் லாரி ஓட்டுநருக்கு நற்காலம் எனலாம். 1919-இல் அந்த ராணுவ வண்டி அணியோடு சென்றவர்களில் ஐசனோவர் எனும் இளம் அதிகாரி ஒருவரும் இருந்தார். அவரே ஜனாதிபதியாகி, 1956-இல் 41,000 மைல் நீளமுள்ள மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளை அமைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். தொழிற்சங்கமும் வலுப்பெற்றது. 'டீம்ஸ்டர்ஸ்' எனும் பெயர் பெற்ற அச்சங்கம், ஜிம்மி ஹோஃபாவின் தலைமையில் 1964-இல் நாடு முழுமைக்கும் ஒரே கூலி ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனால் பயனடைந்தனர். சங்கக் கூலியில் ஓட்டியவர் வீடு வாங்கினர், ஓய்வூதியமும் பெற்றனர். ஆனால் இந்நற்காலத்தைப் பற்றிய அமெரிக்கப் படங்களென நினைவில் நிற்பவை மிகச் சில. சங்கத்தின் பக்கம் திரைப்படம் பின்னர்த் திரும்பியபோதும், 1978-இல் வந்த 'ஃபிஸ்ட்', 1992-இல் வந்த 'ஹோஃபா' போன்ற படங்களில் குற்றக் கும்பலோடு உறவுகொண்ட தலைவரையே பெரிதும் கண்டது. அக்குற்றச்சாட்டு பொய்யன்று. எனினும் அச்சங்கத்தால் நிம்மதியாக உறங்கிய ஓட்டுநரின் இல்லம் கதையாகவில்லை.

லாரி மீண்டும் திரைக்கு வந்தபோது, அது அச்சத்தின் உருவமாக வந்தது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தம் இளமையில் தொலைக்காட்சிக்காக எடுத்த 'டூயல்' எனும் படம் 1971-இல் ஒளிபரப்பாயிற்று. கதை எளியது. காரில் செல்லும் சாதாரண மனிதன் ஒருவன், துருப்பிடித்த டாங்கர் லாரி ஒன்றை முந்திச் செல்கிறான். அதன் பின் அந்த லாரி அவனைக் கொல்லத் துரத்துகிறது. லாரி ஓட்டுபவனுடைய முகம் படம் முழுவதிலும் தெளிவாகத் தெரிவதில்லை. கையும் காலணியும் மட்டுமே தெரிகின்றன. 1940-இல் மிட்டாய்க்காகச் சில்லறை விட்டுச் சென்ற மனிதருக்கு முகம் இருந்தது. நெடுஞ்சாலைகள் விரிந்து, கார் வைத்திருப்போர் பெருகி, ஒரே சாலையில் இரு சாராரும் ஒருவரையொருவர் அறியாமல் விரையும் காலத்தில், அம்முகம் மறைந்துவிட்டது.

1973-இன் இறுதியில் எண்ணெய் நெருக்கடி வந்தது. அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்க மறுத்தன. டீசல் விலை ஏறிற்று; சில இடங்களில் கிடைக்கவும் இல்லை. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக, மணிக்கு 55 மைலுக்கு மேல் வண்டி ஓட்டலாகாது எனும் சட்டத்தில் ஜனாதிபதி நிக்ஸன் 1974 ஜனவரியில் கையெழுத்திட்டார். மைல் கணக்கில் வருவாய் பெறும் தனி லாரிக்காரருக்கு இஃது இருமுனை அடி. செலவு கூடிற்று, ஒரு நாளில் கடக்கும் தூரம் குறைந்தது. 1973 டிசம்பரில் அவர்கள் பல மாநிலங்களில் லாரிகளைக் குறுக்கே நிறுத்தி நெடுஞ்சாலைகளை மறித்தனர். செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் அவர்களை நாடறியச் செய்தன.

வானொலியில் பேசும் நாம் இங்கே ஒரு வானொலிச் செய்தியையும் குறிப்பிடல் வேண்டும். பொதுமக்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கெனச் சிறிய அளவிலான அலைவரிசை ஒன்றை அமெரிக்க அரசு 1958-இல் ஒதுக்கியிருந்தது. சி.பி. ரேடியோ என்பது அதன் பெயர். சில மைல் தூரம் வரை கேட்கும். எந்த ஊரில் டீசல் கிடைக்கும், எந்த வளைவில் போலீஸார் வேகத்தை அளக்க ஒளிந்து நிற்கின்றனர் என்பவற்றை ஓட்டுநர் இதன்மூலம் ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொண்டனர். ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயர். போலீஸாருக்குக் 'கரடி' என்று பெயர். இம்மொழி கார் ஓட்டுவோரையும் கவர்ந்தது. ஜனாதிபதி ஃபோர்டின் மனைவியாரும் 'ஃபர்ஸ்ட் மாமா' எனும் புனைபெயருடன் இந்த அலைவரிசையில் பேசினார். தேவைக்காகப் பிறந்த ஒரு கருவி, சில ஆண்டுகளில் நாடு தழுவிய பொழுதுபோக்காயிற்று.

இக்காலத்தில் எழுந்த படங்களுள் பழைய கேள்வியை மறவாத படம் ஒன்று உண்டு. 1975-இல் ஜோனதன் கப்லான் இயக்கிய 'வைட் லைன் ஃபீவர்' என்பது அது. போரிலிருந்து திரும்பிய இளைஞன் ஒருவன் கடன் வாங்கி ஒரு லாரியை அமர்த்துகிறான். கள்ளச் சரக்கு ஏற்ற மறுக்கிறான். அதனால் லோடு கிடைப்பதில்லை. அடியும் உதையும் கிடைக்கின்றன. மாதத் தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்கிறது. தனக்கு எதிராக நிற்பவன் தனி மனிதன் அல்லன், ஒரு பெரிய நிறுவனம் என்பதை அவன் படிப்படியாக உணர்கிறான். முடிவில் அந்நிறுவனத்தின் பிரமாண்டமான கண்ணாடிச் சின்னத்தின் மீது தன் லாரியையே பாய்ச்சி உடைக்கிறான். பாப்ரினி சகோதரரின் கணக்குப் புத்தகம் இங்கே மீண்டும் ஒருமுறை திறக்கப்பட்டது எனலாம்.

ஆனால் நாட்டைப் பிடித்தாட்டியது வேறொரு குரல். 'கான்வாய்' எனும் பாட்டு 1976 ஜனவரியில் அமெரிக்க இசைத்தட்டு விற்பனையில் முதலிடம் பெற்றது. சி. டபிள்யூ. மக்கால் எனும் லாரி ஓட்டுநரின் குரலாக அதை மக்கள் கேட்டனர். உண்மையில் அப்பெயரில் ஓட்டுநர் எவரும் இல்லை. ஒமாஹா நகரின் விளம்பரத் தொழிலர் பில் ஃப்ரைஸ் என்பவர் ஒரு ரொட்டி விளம்பரத்துக்காகப் படைத்த பாத்திரம் அது. 1978-இல் சாம் பெக்கின்பா அப்பாட்டையே படமாக எடுத்தார். கிரிஸ் கிறிஸ்டாஃபர்சன் நடித்த கதாநாயகன், கொடுமை செய்யும் ஷெரிஃப் ஒருவனை எதிர்த்து ஓட, நூற்றுக்கணக்கான லாரிகள் அவன் பின்னே அணிவகுக்கின்றன. கறுப்பின ஓட்டுநர் ஒருவர் சிறையில் அடிபடுவதும், தோழர்கள் லாரிகளால் அச்சிறையை இடித்து அவரை மீட்பதும் இப்படத்தில் உண்டு. அதற்குரிய சிறப்பை நாம் மறுக்கவில்லை. எனினும் எதற்காக இந்த அணிவகுப்பு என்று நிருபர்கள் கேட்கும்போது, ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கின்றனர். வாடகை யார் வைத்தது எனும் கேள்வி அந்த ஆரவாரத்தில் அமிழ்ந்துவிடுகிறது.

இதற்கு ஓராண்டு முன்னர், 1977-இல், சண்டைக் கலைஞராக இருந்த ஹால் நீடம் முதன்முதலாக இயக்கிய 'ஸ்மோக்கி அண்ட் தி பேண்டிட்' பெருவெற்றி அடைந்திருந்தது. டெக்சாஸ் எல்லையிலுள்ள டெக்சர்கானாவிலிருந்து அட்லாண்டாவுக்கு 400 பெட்டி பீரைச் சட்டத்துக்குப் புறம்பாக 28 மணி நேரத்தில் கொண்டுவருவதாகப் பந்தயம். இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. சுமையை இழுப்பது லாரி; அதை ஓட்டுபவன் கதாநாயகனுடைய தோழன். கதாநாயகன் பர்ட் ரெனால்ட்ஸ் ஓட்டுவதோ கறுப்பு நிறப் பந்தயக் கார். போலீஸாரைத் திசைதிருப்புவதே அவன் வேலை. லாரி ஓட்டுநரின் புகழ் உச்சியில் இருந்த காலத்தில், அவர் பெயர் பெற்ற படத்தின் நாயகன் லாரியிலேயே இல்லை! பழைய கௌபாய் குதிரையை விட்டிறங்கிக் காரில் ஏறிக்கொண்டான். எதிரியும் மாறிவிட்டான். முன்பு எதிரி, கடன்காரனும் மண்டிக்காரனும். இப்போது எதிரி, வேகத்தை அளக்கும் போலீஸ்காரன். கேலி செய்து தப்பிவிடக்கூடிய எதிரி அவன்.

இச்சிரிப்பு அடங்குமுன், 1980 ஜூலை முதல் தேதியன்று ஜனாதிபதி கார்ட்டர் புதிய மோட்டார் சரக்கு வண்டிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1935-இன் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் தளர்ந்தன. புதிய கம்பெனிகள் எளிதில் தொழிலில் இறங்கின; வாடகையை எவரும் குறைக்கலாம் என்றாயிற்று. இதற்கு நியாயமும் இருந்தது. பழைய முறையில் சில கம்பெனிகள் போட்டியின்றி விலை வைத்து வந்தன. ஊருக்குத் திரும்பும் லாரிகள் வெறுமையாக ஓடின. அச்செலவைப் பொதுமக்களே சுமந்தனர். சட்டம் மாறியபின் சரக்கு அனுப்பும் செலவு குறைந்தது என்பது உண்மை. ஆயினும் குறைந்த வாடகையின் பெரும்பங்கு யாருடைய கூலியிலிருந்து வந்தது என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. சங்கக் கூலி கொடுத்துவந்த பழைய கம்பெனிகள் பல மூடப்பட்டன. ஓட்டுநரின் மெய்யான வருவாய் சரிந்தது. முன்னாள் லாரி ஓட்டுநரும் பேராசிரியருமான மைக்கேல் பெல்சர், இம்மாற்றத்தைப் பற்றி 2000-இல் வெளியிட்ட நூலுக்கு 'சக்கரங்களின் மேல் ஒரு கொத்தடிமைக்கூடம்' எனும் பொருள்படப் பெயரிட்டார்.

வருவாய்க் கணக்கின் உள்விவரத்தையும் சிறிது காண்போம். தொலைதூரம் ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் மைலுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கிடங்கின் வாசலில் லோடு ஏற்றவும் இறக்கவும் காத்துக்கிடக்கும் மணிநேரங்களுக்குப் பெரும்பாலும் கூலியில்லை. கிடைத்தாலும் மிகச் சிறிது. வாரத்தில் 40 மணிக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி தரவேண்டும் எனும் மத்தியச் சட்டத்திலிருந்தும், மாநிலம் கடந்து ஓட்டுவோரை 1938-ஆம் ஆண்டிலேயே விலக்கிவிட்டனர். சக்கரம் சுழன்றால்தான் காசு. தவணைக்கு லாரி எடுத்தவருக்கோ சக்கரம் நின்றாலும் தவணை நிற்பதில்லை. 1940-இல் பால் பாப்ரினி ஏன் கண்ணயர்ந்தான் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

1987-இல் சில்வெஸ்டர் ஸ்டலோன் நடித்த 'ஓவர் தி டாப்' வெளிவந்தது. தன் மகனின் அன்பைப் பெற முயலும் லாரி ஓட்டுநனின் கதை அது. சொந்தத் தொழில் தொடங்க வேண்டும் என்பது அவன் கனவு. தன் பழைய லாரியை விற்று, அப்பணத்தைத் தன்மீதே பந்தயம் கட்டி, லாஸ் வேகஸ் நகரில் கைமல்யுத்தப் போட்டியில் வென்று, புதிய லாரியைப் பரிசாகப் பெறுகிறான். 1940-இன் படத்தில் லாரிக்காகக் கை போயிற்று. 1987-இல் கையால் லாரி வந்தது. உழைத்து ஒருவன் லாரிக்கு உரியவனாகலாம் எனும் நம்பிக்கை நாட்டில் நலிந்துவந்த காலத்தில், பரிசாக வரும் லாரியைத்தான் திரைப்படம் காட்ட முடிந்தது போலும்.

சாலையின் தோழமை ஆண்களின் தோழமையாகவே இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய படங்களில் பெண்கள் காப்பி ஊற்றுவர். அல்லது வீட்டில் காத்திருப்பர். 1991-இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய 'தெல்மா அண்ட் லூயிஸ்' இப்பார்வையைப் புரட்டிப்போட்டது. சாலையில் அப்பெண்களைக் கண்டபோதெல்லாம் ஆபாசச் சைகை செய்யும் லாரிக்காரனை அவர்கள் நிறுத்தி, மன்னிப்புக் கேட்கச் சொல்கின்றனர். அவன் மறுக்கவே, அவனுடைய டாங்கரைச் சுட்டு வெடிக்கச் செய்கின்றனர். பழைய வீரன் பெண்களின் கண்ணுக்கு எவ்வாறு தோன்றியிருக்கக்கூடும் என்பதைத் திரைக்கதை எழுதிய காலி கூரி காட்டினார். அதற்காக ஆஸ்கர் பரிசும் பெற்றார். 2008-இல் வெளிவந்த 'டிரக்கர்' எனும் சிறிய படத்தில், மிஷல் மோனஹன் ஏற்ற கதாநாயகியே லாரி ஓட்டுநர். கடனடைக்க ஓட்டும் அவளிடம், பிரிந்துபோன மகனை வளர்க்கும் பொறுப்பும் வந்து சேர்கிறது.

2017-ஆம் ஆண்டில் இரு செய்திகள் சேர்ந்து நிகழ்ந்தன. அவ்வாண்டு டிசம்பரில், தொலைதூர லாரிகளில் ஓட்டும் நேரத்தைத் தானே பதிவு செய்யும் மின்னணுக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. தூங்காமல் ஓட்டுவதைத் தடுப்பது இதன் நோக்கம், அந்நோக்கம் நல்லதே. எனினும் காத்திருப்புக்குக் கூலி தராத முறையை அக்கருவி மாற்றவில்லை. கடிகாரம் ஓட்டுநரின் ஓட்டத்தை அளக்கிறது. கிடங்குக்காரரின் தாமதத்துக்கு அது விலை வைப்பதில்லை. அவ்வாண்டிலேயே ஜேம்ஸ் மேன்கோல்டு இயக்கிய 'லோகன்' எனும் படமும் வெளிவந்தது. எதிர்காலத்தில் நிகழும் அக்கதையின் நெடுஞ்சாலையில், ஓட்டுநர் அமர இடமே இல்லாத லாரிகள் தாமாக விரைகின்றன. குதிரைகளை ஏற்றிச் செல்லும் ஒரு குடும்பத்தின் வண்டியை அவை சாலையை விட்டு ஒதுக்கித் தள்ளுகின்றன. 1971-இல் ஓட்டுநரின் முகம் மறைந்தது; 2017-இல் ஓட்டுநரே மறைந்தார்.

திரையில் மறைந்தாலும் சாலையில் அவர் மறையவில்லை. பெஸரிடீஸ் வளர்ந்த அதே பிரெஸ்னோவைச் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இன்று பஞ்சாபிலிருந்து சென்ற சீக்கியரும் அவர்தம் மக்களும் பெருந்தொகையினராக லாரி ஓட்டுகின்றனர். நெடுஞ்சாலையோரங்களில் பஞ்சாபி உணவு விடுதிகள் தோன்றியுள்ளன. கிரேக்கர், ஆர்மீனியர், இத்தாலியர் ஆகியோரின் பிள்ளைகள் அமர்ந்த இடத்தில் இன்று நம் நாட்டிலிருந்து சென்றவர் அமர்ந்திருக்கின்றனர். புதிதாக வந்தவனுக்கு ஒரு நாடு முதலில் தரும் வேலைகளுள் இதுவும் ஒன்று. தவணையும் தரகரும் காத்திருப்பும் அவர்களுக்கும் உண்டு.

திரைப்படம் பொருளாதார நூல் அன்று. அதில் வீரமும் வேடிக்கையும் வேண்டும் என்பதை நாம் அறிவோம். 'கான்வாய்' படத்தின் லாரி அணிவகுப்பைக் கண்டு மகிழ்வதில் குற்றமில்லை. ஆனால் ஒன்று நினைவிலிருக்கட்டும். சட்டத்துக்கு அடங்காத சுதந்திர வீரனாக ஓட்டுநரைத் திரை கொண்டாடிய ஆண்டுகளே, அவருடைய கூலிக்குக் காவலாக இருந்த ஏற்பாடுகள் கழன்றுவிழுவதற்குச் சற்று முந்திய ஆண்டுகள். சுதந்திரம் என்ற சொல் உரக்க ஒலித்ததால், கூலி என்ற சொல் காதில் விழவில்லை. இனி லாரி ஓடும் அமெரிக்கப் படம் ஒன்றைப் பார்க்க நேரும்போது நாம் மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்போம். இந்த லாரி யாருடையது? இந்தச் சுமைக்கு விலை வைத்தவர் யார்? இவர் கடைசியாக எப்போது தூங்கினார்? இம்மூன்றுக்கும் விடை சொல்ல முயன்றவை, 1940-இலும் 1949-இலும் வந்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களே.